வனஜீவராசி அதிகாரி வழிமறித்தால்: அவரது அதிகாரம் எதுவரை?

"சேர், அவங்களுக்கு அப்பிடிச் செய்ய ஏலுமா?"

என்னிடம் படிக்கும் மாணவன் ஒருவனின் தந்தை கேட்ட கேள்வி இது. அவர் ஊர் ஊராகச் சென்று சிறு வியாபாரம் செய்பவர். வடமராட்சி கிழக்குப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும்போது சீருடை அணிந்த சிலர் அவரை வழிமறித்திருக்கிறார்கள். பின்னால் கட்டியிருந்த றெஜிபோம் பெட்டியை இறக்கித் திறக்கச் சொன்னார்கள். உள்ளே மீனும் கொஞ்சம் மாட்டிறைச்சியும் இருந்தன. "இது மான் இறைச்சியாக இருக்கலாம்" என்று ஒருவர் சொல்ல, இரண்டு மணித்தியாலம் வீதியோரத்தில் இருத்தி வைத்தார்கள். கைத்தொலைபேசியை வாங்கிப் படங்களைப் பார்த்தார்கள். கடைசியில் போகச் சொல்லிவிட்டார்கள். ஒரு துண்டுக் காகிதமும் கொடுக்கவில்லை, தங்கள் பெயரையும் சொல்லவில்லை. மீன் பழுதாகிவிட்டது.

அவருடைய கேள்விக்கு "ஏலும்" என்றோ "ஏலாது" என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் நடந்தவற்றில் சில சட்டத்திற்கு உட்பட்டவையாக இருக்கலாம். சில நிச்சயமாகக் கேள்விக்குரியவை. நான் சட்டத்தரணி அல்ல. ஆனால் குடியியற் கல்வி கற்பிக்கும் ஆசிரியன் என்ற வகையில், இவ்விடயத்தைத் தேடிப் படித்தவற்றை நமது மக்களுக்குப் பயன்படும் விதத்தில் இங்கு எழுதுகிறேன்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

யாழ். குடாநாட்டில் பொலிஸையும் படையினரையும் எல்லோருக்கும் தெரியும். வனஜீவராசிகள் திணைக்களம் நம்மில் பலருக்குப் புதிது. சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருந்தாலும், 2015 ஜூன் மாதத்தில்தான் அது தேசிய பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது. அதன் பரப்பளவு 19,565 ஹெக்டயர். காட்டுக் குதிரைகள் திரியும் நெடுந்தீவின் ஒரு பகுதியும் அதே காலத்தில் தேசிய பூங்காவாகியது.

சரணாலயம், தேசிய பூங்கா என்ற இரண்டும் கேட்பதற்கு ஒன்றுபோலத் தோன்றும். சட்டத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. சரணாலயத்திற்குள் மக்கள் வாழலாம், தனியார் காணிகள் இருக்கலாம். அங்கு மிருகங்களுக்கும் பறவைகளுக்கும்தான் பாதுகாப்பு. தேசிய பூங்காவிற்குள் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நுழைவதே குற்றமாகும். பரம்பரையாக இறால் பிடிக்கவும் விறகு பொறுக்கவும் போய்வந்த ஒருவர், எல்லை எங்கே மாறியது என்று அறியாமலே குற்றவாளியாக நிற்க நேரிடலாம். யுத்தமும் இடம்பெயர்வும் காரணமாகப் பல வருடங்கள் ஊரில் இல்லாது திரும்பி வந்தவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

வனஜீவராசி அதிகாரியின் அதிகாரத்திற்கு அடிப்படை 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமாகும். அது பலமுறை திருத்தப்பட்டுள்ளது. மான், கடலாமை, உடும்பு போன்றவற்றைக் கொல்வதும் அவற்றின் இறைச்சியை வைத்திருப்பதும் விற்பதும் இச்சட்டத்தின் கீழ்க் குற்றங்கள். அவற்றைத் தடுப்பதற்காகத் தேடவும் கைப்பற்றவும் கைதுசெய்யவும் வனஜீவராசி அதிகாரிகளுக்கும் பொலிஸாருக்கும் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. எனவே "வனஜீவராசிக்காரருக்கு நம்மைப் பிடிக்க என்ன அதிகாரம்?" என்று எடுத்தவுடன் தர்க்கம் செய்வது பிழையானது. அதிகாரம் உண்டு.

ஆனால் அது சட்டம் தந்த அதிகாரம். சட்டம் எந்த நோக்கத்திற்காகத் தந்ததோ அந்த நோக்கத்தின் எல்லை வரைதான் அது செல்லும். அதற்கு மேலே நாட்டின் அரசியலமைப்பு இருக்கிறது. சட்டத்தால் விதிக்கப்பட்ட நடைமுறைக்கு அமைவாகவன்றி எவரையும் கைது செய்யக் கூடாது, கைதுக்கான காரணம் அவருக்குச் சொல்லப்பட வேண்டும் என்று 13(1)ஆம் உறுப்புரை சொல்கிறது. தடுத்து வைக்கப்பட்டவர் மிக அருகிலுள்ள நீதிமன்றத்தின் நீதிபதி முன் கொண்டு செல்லப்பட வேண்டும் என்கிறது 13(2). எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்பது 12(1). சித்திரவதையும் இழிவுபடுத்தும் நடத்தையும் கூடாது என்பது 11. நாட்டில் சுதந்திரமாக நடமாடும் உரிமை 14ஆம் உறுப்புரையில் உண்டு. இவை பொலிஸாரை மட்டும் கட்டுப்படுத்துபவை அல்ல. அரசின் பெயரால் செயற்படும் எல்லா அதிகாரிகளையும் கட்டுப்படுத்துகின்றன.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். எமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் தனியுரிமை என்று ஓர் உரிமை தனியாக எழுதப்படவில்லை. இந்தியாவில் 2017இல் உச்ச நீதிமன்றம் தனியுரிமையை அடிப்படை உரிமையாக ஏற்றுக்கொண்டது. இங்கு ஒருவர் தன் பையைத் தேடியதை எதிர்த்து வழக்காடுவதானால், மேலே சொன்ன சமத்துவம், கைது, கண்ணியம் தொடர்பான உறுப்புரைகளின் துணையைத்தான் நாட வேண்டியிருக்கும்.

பூங்காவிற்கு உள்ளே, பொது வீதியிலே

எங்கே மறிக்கிறார்கள் என்பது முக்கியம். தேசிய பூங்காவிற்குள் நிற்பவரிடம் "அனுமதிப்பத்திரம் எங்கே?" என்று கேட்பது அதிகாரியின் கடமை. அதற்குத் தனியாக ஒரு சந்தேகம் தேவையில்லை. பருத்தித்துறை வீதியில் போய்க்கொண்டிருக்கும் ஒருவரை மறிப்பது வேறு விடயம்.

இந்த வித்தியாசத்தை அமெரிக்க நீதிமன்றங்கள் விரிவாக ஆராய்ந்திருக்கின்றன. எந்தச் சந்தேகமும் இல்லாமல், நினைத்தபடி ஒரு வாகனத்தை மறித்துச் சாரதியின் ஆவணங்களைச் சோதிப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1979இல் டெலவெயார் மாநில வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. அதே வழக்கில் நீதியரசர் பிளக்மன், வேட்டைக் கண்காணிப்பு அதிகாரிகளின் வேலை வேறு தன்மையானது, இத்தீர்ப்பு அவர்களைக் கட்டுப்படுத்தும் முன்மாதிரியாக எடுக்கப்படக் கூடாது என்ற கருத்தில் தனியாகக் குறிப்பு எழுதினார்.

அவர் திறந்துவிட்ட வாசல் வழியாக 2011இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சென்றது. சான் டியாகோவில் ஒருவர் கடற்பாலத்தில் நின்று தூண்டில் போட்டு எதையோ பையில் வைத்ததை அதிகாரி தொலைநோக்கியால் கண்டு, சற்றுத் தூரத்தில் அவரது காரை மறித்தார். பையில் இருந்தது பிடிக்கத் தடைசெய்யப்பட்ட காலத்தில் பிடித்த சிங்கி இறால். மீன் பிடித்தவரையோ வேட்டையாடியவரையோ சற்று நேரத்தில் மறித்து, பிடித்ததைக் காட்டச் சொல்வதற்குக் குற்றச் சந்தேகம் தேவையில்லை என்று நீதிமன்றம் கூறியது. ஆனால் அந்த அதிகாரம் அப்போதுதான் மீன் பிடித்தவர் அல்லது வேட்டையாடியவர் என்று அதிகாரிக்குத் தெரிந்த ஒருவர் மீதுதான். வீதியில் போகும் எவர் மீதும் அல்ல.

இவை நம் நாட்டைக் கட்டுப்படுத்தும் தீர்ப்புகள் அல்ல. ஆனாலும் ஒரு நல்ல அளவுகோலைத் தருகின்றன. அதிகாரி என்னை மறித்தது நான் செய்த ஏதோ ஒன்றைக் கண்டதாலா, கிடைத்த ஒரு தகவலாலா, அல்லது என் தோற்றத்தையும் தொப்பியையும் பார்த்தா? முதல் இரண்டும் காரணங்கள். மூன்றாவது காரணம் ஆகாது. அது 12ஆம் உறுப்புரையோடு மோதும்.

மறிப்பது எப்போது கைதாகிறது?

"நாங்கள் கைது செய்யவில்லை, விசாரிக்கத்தான் கூட்டிக்கொண்டு போகிறோம்" என்று சொல்வதை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். இதற்கு எமது உயர் நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. நமசிவாயம் எதிர் குணவர்தன என்ற வழக்கு 1989ஆம் ஆண்டின் இலங்கைச் சட்ட அறிக்கையில் இடம்பெற்றது. பஸ்ஸில் சென்ற ஒருவரைப் பொலிஸ் அதிகாரி இறக்கி நிலையத்திற்கு வரச் சொன்னார். அவர் போக நினைத்த இடத்திற்குப் போக முடியாமல் தடுக்கப்பட்ட அந்த வேளையிலேயே சட்டத்தின் பார்வையில் கைது நடந்துவிட்டது என்று பிரதம நீதியரசர் சர்வானந்தா தீர்ப்பளித்தார். விலங்கு மாட்ட வேண்டியதில்லை, "கைது" என்ற சொல்லைச் சொல்ல வேண்டியதும் இல்லை.

ஒரு பெட்டியைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம் நிறுத்துவது ஒன்று. போகவிடாமல் இரண்டு மணித்தியாலம் வீதியோரத்தில் இருத்தி வைப்பது வேறொன்று. அதைக் கைது என்று வாதிடுவதற்கு நமசிவாயம் வழக்கு இடம் தருகிறது. கைது என்றால் காரணம் சொல்லப்பட வேண்டும். பிடியாணையின்றிக் கைது செய்ய நியாயமான சந்தேகமோ நம்பத்தகுந்த தகவலோ வேண்டும் என்பது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவையின் நிலைப்பாடு. பயண நேரம் தவிர 24 மணித்தியாலத்திற்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்பதும் அதே சட்டக்கோவையின் பொது விதி.

உடலைத் தேடுவதும் கைத்தொலைபேசியைத் தேடுவதும்

பெண் ஒருவரைச் சோதனையிட வேண்டியிருந்தால் இன்னொரு பெண்ணே, கண்ணியத்தைக் கண்டிப்பாகப் பேணி, அதைச் செய்ய வேண்டும் என்று அச்சட்டக்கோவை விதிக்கிறது. நம் சகோதரிகள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அபாயா அணிந்தவருக்கு இது சலுகை அல்ல. சேலை கட்டியவருக்கும் பாவாடை அணிந்தவருக்கும் உள்ள அதே உரிமைதான்.

சோதனை என்ற சொல் நம் சமூகத்திற்கு வெறும் சட்டச் சொல் அல்ல. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, போகும் வழியில் மறித்துச் சோதனையிடப்பட்டு நகைகள் கழற்றி வாங்கப்பட்டன. அன்று எந்தச் சட்டமும் கேட்பாரும் இருக்கவில்லை. இன்று சட்டம் இருக்கிறது. அதைக் கேட்பதற்கு நாம் பழக வேண்டும்.

கைத்தொலைபேசியைப் பொறுத்தவரை, சந்தேகத்திற்கும் தேடுதலுக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்பதே என் வாதம். பெட்டியில் மான் இறைச்சி இருப்பதாகச் சந்தேகித்தால் பெட்டியைத் திறக்கலாம். குடும்பப் படங்களைத் திறப்பதற்கு அந்தச் சந்தேகம் எப்படிக் காரணமாகும்? கைது செய்யப்பட்டவரின் கைத்தொலைபேசியைக்கூடப் பொதுவாக நீதிமன்ற ஆணையின்றித் தேடக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. இங்கும் அந்தத் திசையில் வழக்குகள் வர வேண்டும்.

பிழையான தேடுதலில் கிடைத்த பொருள்

இங்குதான் நம்மவர்கள் பலர் தவறாக நினைக்கிறார்கள். "தேடிய முறை சட்டவிரோதம், ஆகவே வழக்கு நிற்காது" என்பது திரைப்படங்களில் பார்த்த அமெரிக்கச் சட்டம். நமது சட்ட மரபு வேறு.

1955இல் கோமறை மன்று தீர்ப்பளித்த குருமா வழக்கைப் பாருங்கள். கென்யாவில் மௌ மௌ கிளர்ச்சிக் காலம். சைக்கிளில் சென்ற ஒருவரை வீதித் தடையில் மறித்துச் சோதனையிட்டு இரண்டு தோட்டாக்களைக் கண்டெடுத்ததாகப் பொலிஸார் கூறினர். குறிப்பிட்ட பதவி நிலைக்குக் குறையாத அதிகாரிதான் அவ்வாறு தேடலாம் என்பது விதி. தேடியவர்கள் அந்தப் பதவி நிலையில் இருக்கவில்லை. ஆனாலும் சாட்சியம் வழக்குடன் தொடர்புடையதாக இருந்தால், அது எப்படிப் பெறப்பட்டது என்பது முக்கியமல்ல என்று கூறி, மரண தண்டனைக்குரிய அந்தத் தீர்ப்பை மன்று உறுதிசெய்தது. அக்காலத்தில் இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு மன்றமும் கோமறை மன்றுதான்.

இதிலிருந்து இரண்டு பாடங்கள். ஒன்று, பெட்டியில் கடலாமை இறைச்சி இருந்தால், தேடிய முறையின் குறை உங்களைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்க வேண்டாம். இரண்டு, வீதியில் கைகலப்பில் இறங்க வேண்டாம். அரச உத்தியோகத்தரின் கடமைக்கு இடையூறு என்று புதிய குற்றச்சாட்டு ஒன்று சேரும். எதிர்ப்பை வாயாலும் எழுத்தாலும் தெரிவியுங்கள். அதிகாரியின் பிழைக்கான பரிகாரத்தைப் பின்னர் தனியாகத் தேட வேண்டும்.

கையொப்பமிடுவதற்கு முன்

சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, பொலிஸ் அதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதலை அவருக்கெதிராக நிரூபிக்க முடியாது. காட்டுச் சட்டக் குற்றங்களில் வன அதிகாரியிடமும், மதுவரிக் குற்றங்களில் மதுவரி அதிகாரியிடமும் அளித்த ஒப்புதலுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. வனஜீவராசி அதிகாரி என்ற சொல் அந்தப் பிரிவில் இல்லை. ஆகவே அவர் முன் வைக்கும் தாளில் கையொப்பமிடும்போது இரட்டிப்புக் கவனம் தேவை.

சிங்களத்தில் எழுதிய தாளை வாசிக்கத் தெரியாமல் ஒப்பமிட வேண்டாம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிருவாக மொழி. "தமிழில் எழுதித் தாருங்கள், வாசித்த பிறகு ஒப்பமிடுகிறேன்" என்று மரியாதையாகக் கேட்பது உரிமை.

முறைப்பாடு செய்வது எப்படி?

வீதியிலேயே செய்ய வேண்டியவை நான்கு. அதிகாரியின் பெயரையும் பதவியையும் கேளுங்கள். மறித்த காரணத்தைக் கேளுங்கள். எதையாவது எடுத்தால் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். நேரம், இடம், வாகன இலக்கம் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். பதில் தராவிட்டாலும், கேட்டார் என்பது பிறகு பயன்படும்.

அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றத்திற்கு மனுச் செய்ய ஒரு மாதம்தான் அவகாசம். அம்மன்று கொழும்பில் இருப்பதால் குடாநாட்டு மக்களுக்கு அது தூரம், செலவும் அதிகம். ஆனால் அந்த ஒரு மாதத்திற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே உண்டு. அவசர அழைப்பு இலக்கம் 1996.

அன்று அப்பகுதியில் கடமையில் இருந்த அதிகாரிகள் யார் என்பதை 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்கலாம். அடித்துத் துன்புறுத்தினால் 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க சித்திரவதைக்கு எதிரான சட்டம் இருக்கிறது. அதன் கீழ் தண்டனை 7 வருடத்திற்குக் குறையாத, 10 வருடத்திற்கு மேற்படாத சிறை.

பாக்கு நீரிணைக்கு அப்பால் ஒரு பாடம்

எல்லையை எழுதி வைப்பதில் இந்தியச் சட்டம் தெளிவானது. 1972ஆம் ஆண்டின் வனஜீவராசிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, ஒருவர் குற்றம் செய்தார் என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால்தான் அதிகாரி தேடலாம். பொலிஸ் என்றால் உப பரிசோதகர் தரத்திற்குக் குறையக் கூடாது. தடுத்து வைத்தவரை உடனே நீதவான் முன் கொண்டு செல்ல வேண்டும். தொந்தரவு செய்யும் நோக்கில் தேவையின்றி ஒருவரின் பொருளைக் கைப்பற்றும் அதிகாரிக்கு 6 மாதம் வரை சிறையோ 500 ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது 53ஆம் பிரிவு.

ஆனால் சட்டம் தாளில் இருப்பது மட்டும் போதாது என்பதற்குத் தமிழ்நாட்டு வாச்சாத்தியே சாட்சி. 1992 ஜூன் 20ஆம் திகதி, தருமபுரி மாவட்டத்தில் உள்ள அந்த மலையடிவாரக் கிராமத்திற்குள் கடத்தல் சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, பொலிஸ், வருவாய்த்துறை ஊழியர்கள் பெரும் கூட்டமாக நுழைந்தார்கள். தேடுதல் என்ற பெயரில் வீடுகள் நாசமாக்கப்பட்டன, மக்கள் தாக்கப்பட்டார்கள், 18 பெண்கள் பாலியல் வன்புணர்வுக்கு உள்ளானார்கள். நீதி கிடைக்க 19 வருடங்கள் எடுத்தன. 2011 செப்டெம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகளாகக் கண்டது. அவர்களில் 126 பேர் வனத்துறையினர். சரியாக 12 வருடங்களின் பின், 2023 செப்டெம்பர் 29இல், சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்து, அப்பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 இலட்சம் இந்திய ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

சுண்டிக்குளத்தில் நடப்பதை வாச்சாத்தியோடு ஒப்பிடுவது அநியாயம். நான் ஒப்பிடவில்லை. காட்டையும் விலங்கையும் காப்பது நல்ல நோக்கம் என்பதால், அதன் பெயரால் நடப்பதை யாரும் கேள்வி கேட்கத் தேவையில்லை என்ற எண்ணம் எங்கு கொண்டுபோய் விடும் என்பதற்காகவே சொன்னேன்.

இரு பக்கக் கடமை

பூநாரைகள் வரும் களப்பும் கடலாமைகள் முட்டையிடும் கரையும் நம் பிள்ளைகளுக்கு மிஞ்ச வேண்டும். கடலாமை இறைச்சியும் மான் இறைச்சியும் இரகசியமாக விற்பவர்கள் நம் மத்தியிலும் இருந்தால், அவர்களுக்குக் கேடயமாக இந்தக் கட்டுரையைப் பயன்படுத்த வேண்டாம். கடமையைச் சரியாகச் செய்யும் அதிகாரிக்கு ஒத்துழைப்பது நமது பொறுப்பு.

அதிகாரிகளின் பக்கத்திலும் செய்ய வேண்டியவை உண்டு. பூங்காவின் எல்லை எங்கே தொடங்குகிறது என்று தமிழில் பலகை வைக்க வேண்டும். மறித்துத் தேடினால், எதுவும் கிடைக்காவிட்டாலும், நேரமும் காரணமும் பெயரும் எழுதிய ஒரு துண்டு கொடுக்க வேண்டும். அதற்குப் பெரிய செலவில்லை. அந்தத் துண்டு நேர்மையான அதிகாரியையும் பொய் முறைப்பாட்டிலிருந்து காக்கும்.

பள்ளிவாசல் நிருவாகங்களுக்கும் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு ஜும்ஆவுக்குப் பின்னரோ சங்கக் கூட்டத்திலோ, உள்ளூர்ச் சட்டத்தரணி ஒருவரையும் வனஜீவராசி அதிகாரி ஒருவரையும் ஒன்றாக அழைத்து அரை மணித்தியாலம் பேச வையுங்கள். எது குற்றம், எது உரிமை, எல்லை எங்கே என்று இருவர் வாயாலும் மக்கள் கேட்கட்டும். என் மாணவனின் தந்தை இப்போது மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ஒரு மாதம் முடிவதற்குள் அது போய்ச் சேர்ந்துவிட்டது.